0.7 மில்லிமீட்டர்

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பா மகன் ஒரு செய்தியை அனுப்பியிருந்தான். ஸ்கேன் படத்தை ஏ.ஐ.யிடம் கொடுத்தால், க்ரோன்ஸ் நோயாளிக்கு எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று ஊசி போடுவதற்கு முன்பே சொல்லிவிடுமாம். அதன் கீழே எனக்கென்று ஒரு வரி: "அக்கா, அண்ணனுக்கு இதப் பண்ணிடலாமே. எதுக்கு ஒவ்வொரு ஊசியா போட்டுப் பாத்துட்டு இருக்கீங்க?" அண்ணன் என்று அவன் சொன்னது என் தம்பியை. நல்ல மனசோடு கேட்டதுதான், தெரியும். ஆனாலும் சுருக்கென்றது. அவன் கேட்ட அதே கேள்வியை நான் டாக்டரிடம் கேட்டு, பதில் பிடிக்காமல், ராத்திரியெல்லாம் ஃபோனில் தேடித் தேடிப் படித்து, ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவும் சரியாக உட்காராமல் இருக்கிற நேரம் அது. குழுவில் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை.

க்ரோன்ஸ் பற்றி இங்கே பாடம் எடுக்கப் போவதில்லை. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் உங்களுக்கே தெரியும். இல்லையென்றால், குடல் சுவர் வீங்கிப் புண்ணாகிற, வந்தால் போகாத வியாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருங்குடல் புண் நோயில் உள்பக்கத்துச் சவ்வுதான் கெடும். க்ரோன்ஸில் சுவரின் முழுத் தடிமனும் கெடும். ஸ்கேன் பற்றிப் பேசும்போது இந்த ஒரு வித்தியாசம் முக்கியம். கொலோனோஸ்கோபிக் குழாய் உள்பக்கத்தை மட்டும்தான் பார்க்கும், அதுவும் எட்டுகிற தூரம் வரைக்கும்தான். சுவருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

டி.பி.யா, க்ரோன்ஸா

தம்பிக்கு முப்பத்து நான்கு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. நாள் முழுக்க வெர்னியரும் கையுமாக இருப்பவன். வலது அடிவயிற்றில் வலி, சாப்பிட்டதும் பிசைவது, எடை மளமளவென்று இறங்குவது என்று ஆரம்பித்தது. கடைசியில் கொலோனோஸ்கோபி செய்தபோது, சிறுகுடல் பெருங்குடலோடு சேருகிற இடத்தில் புண் இருந்தது. நம் ஊரில் அந்த இடத்தில் புண் என்றால் டாக்டர்களுக்கு இரண்டு சந்தேகம் சேர்ந்தே வரும். ஒன்று க்ரோன்ஸ், இன்னொன்று குடல் டி.பி. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி. சதைத் துண்டு எடுத்துப் பரிசோதித்தாலும் பல நேரம் பிடிகொடுக்காது. ஆனால் வைத்தியம் நேர் எதிர். க்ரோன்ஸுக்கான மருந்துகள் உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்குபவை. உள்ளே இருப்பது டி.பி. என்றால் அந்த மருந்தே ஆளைச் சாய்த்துவிடும்.

அதனால் சந்தேகம் தீராத இடத்தில் முதலில் டி.பி. மாத்திரை கொடுத்துப் பார்ப்பது இங்கே வழக்கம். இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி உள்ளே பார்ப்பார்கள். புண் ஆறியிருந்தால் டி.பி., அப்படியே இருந்தால் க்ரோன்ஸ். யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். ஊர் உலகத்தில் நோயைக் கண்டுபிடித்த பிறகு மருந்து கேட்குமா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நாம் மருந்து கேட்கிறதா என்று பார்த்துத்தான் நோயையே கண்டுபிடிக்கிறோம். அதில் ஒரு விலையும் உண்டு. டி.பி. இல்லாத க்ரோன்ஸ்காரருக்கு இப்படி மாத்திரை கொடுத்துக் காத்திருந்தால், அந்த இடைவெளியில் குடல் சுருக்கம் விழுகிற வாய்ப்பு கூடுகிறது என்று டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 2018-ல் எழுதியிருக்கிறார்கள்.

டி.பி. விஷயத்தில் சென்னைக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு, இந்த இடத்தில் சொல்லாமல் போக மனசு வரவில்லை. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், இப்போது சேத்துப்பட்டில் இருக்கிற தேசிய நிறுவனம், சானடோரியத்தில் படுக்க வைத்துக் கொடுக்கிற அதே மருந்தை வீட்டிலேயே கொடுத்தாலும் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது. வயிற்று டி.பி.க்கு ஆறு மாத மருந்தே போதும் என்று சோதித்துச் சொன்னதும் அவர்கள்தான். எத்தனை நாள் கொடுத்தால் போதும், எப்போது நிறுத்தலாம் என்பதைக் கணக்காகச் சொல்வது இந்த ஊரில் புதிய பழக்கம் இல்லை.

தம்பியின் சி.டி.யைப் பார்த்தும் டாக்டர்கள் முயன்றார்கள். நெறிகட்டியின் நடுப்பகுதி செத்துக் கறுத்திருந்தால் டி.பி. பக்கம் சாயலாம். குடல் நீளத்துக்குக் கெட்டிருந்தாலோ, குடலுக்கு ரத்தம் கொண்டுவருகிற நாளங்கள் சீப்புப் பல் வரிசையாய்த் தெரிந்தாலோ க்ரோன்ஸ் பக்கம் சாயலாம். வயிற்றுக்குள் இருக்கிற கொழுப்புக்கும் தோலுக்கடியில் இருக்கிற கொழுப்புக்கும் உள்ள விகிதத்தை சி.டி.யில் அளந்து இரண்டையும் பிரித்துப் பார்க்கிற முறையும் எய்ம்ஸிலிருந்து வந்ததுதான். தம்பி விஷயத்தில் இவை எதுவும் ஒரு பக்கமாகச் சாயவில்லை. மாத்திரை கொடுத்தார்கள், அவன் வாந்தியெடுத்துக்கொண்டே விழுங்கினான், புண் ஆறவில்லை. க்ரோன்ஸ் என்று ஆனது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

"மூணு டோஸ் போட்டுட்டுப் பாக்கலாம்"

ஊசி ஆரம்பிப்பதற்கு முன் குடலுக்கான எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். சி.டி. வேகமாக முடியும், ஆனால் இந்த வயதுக்காரர்களுக்குத் திரும்பத் திரும்ப எடுத்தால் கதிர்வீச்சு சேரும் என்று எம்.ஆர்.ஐ.யைத் தேர்ந்தெடுத்தார்கள். காலையிலேயே வெறும் வயிற்றில் வரச்சொல்லி, மேனிட்டால் கலந்த தண்ணீரை ஒன்றரை லிட்டர் கொடுத்தார்கள். மொத்தமாகக் குடிக்கக் கூடாது, முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. குடல் விரிந்தால்தான் சுவர் தெரியும். இனிப்பு தூக்கலாக இருக்கும். நாலாவது டம்ளரில் தம்பி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. உள்ளே போனதும் ஸ்பீக்கரில் "மூச்ச இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்று ஒரு பெண் குரல். வெளியே வந்ததும் வராததுமாக அவன் ஓடியது பாத்ரூமுக்கு.

ரிப்போர்ட்டில் சுவரின் தடிமன், உள்ளே நீர் கோத்திருக்கிறதா, புண் தெரிகிறதா, சாயம் ஏற்றியதும் எவ்வளவு பளிச்சென்று ஆகிறது என்று நான்கையும் சேர்த்துப் போட்ட ஒரு எண் இருந்தது. மரியா ஸ்கோர் என்கிறார்கள். பெயரைக் கேட்டதும் யாரோ ஒரு நர்ஸ் அம்மா பெயர் என்று நினைத்தேன். 2009-ல் ஸ்பெயின் நாட்டு டாக்டர்கள் போட்ட கணக்கு அது. 7-ஐத் தொட்டால் நோய் ஓடிக்கொண்டிருக்கிறது, 11-ஐத் தாண்டினால் தீவிரம். தம்பியுடையது 11-ஐத் தாண்டி எங்கேயோ இருந்தது.

அன்றைக்குத்தான் கேட்டேன். "டாக்டர், இவ்வளவு தெளிவா படம் இருக்கே, இதப் பாத்து இந்த ஊசி இவனுக்குக் கேக்குமான்னு சொல்ல முடியாதா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "நோய் எங்க இருக்கு, எவ்வளவு இருக்குன்னு படம் சொல்லும்மா. மருந்து கேக்குமான்னு அதுக்குத் தெரியாது. மூணு டோஸ் போட்டுட்டுப் பாக்கலாம்."

ஊசியின் பெயர் இன்ஃப்ளிக்ஸிமாப். அமெரிக்காவில் க்ரோன்ஸுக்கு 1998-ல் அனுமதி கிடைத்த மருந்து, வீக்கத்தைத் தூண்டுகிற ஒரு புரதத்தைத் தடுக்கிற வகையில் அதுதான் முதல். உடம்பு எடைக்குத் தகுந்த கணக்கு, கிலோவுக்கு 5 மில்லிகிராம். முதல் நாள், இரண்டாவது வாரம், ஆறாவது வாரம், அப்புறம் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை. தம்பி 52 கிலோ, மருந்தோ 100 மில்லிகிராம் குப்பியில் வருகிறது. ஆக ஒவ்வொரு தடவையும் மூன்று குப்பி, மூன்றாவது குப்பியில் 40 மில்லிகிராம் வீண். காப்பீட்டுக் கம்பெனி கொஞ்சம் கொடுத்தது, மீதிக்கு அம்மாவின் ரெட்டைவடச் சங்கிலி அடகுக்குப் போனது. இந்த வகை ஊசிகள் எத்தனை பேருக்குக் கேட்காமல் போகிறது என்று தேடியபோது, பிரிட்டனில் 1,610 க்ரோன்ஸ் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2019-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு கிடைத்தது. பதினான்காவது வாரத்தில் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஆரம்பத்திலேயே கேட்கவில்லை. ஒரு வருட முடிவில் நோய் அடங்கிய நிலையில் இல்லாதவர்கள் பாதிக்கும் மேல். சங்கிலியை அடகு வைத்துவிட்டு வந்த ராத்திரி படிப்பதற்கு ஏற்ற விஷயம் இல்லை அது.

இருட்டறையில் நாலு அளவு

ஊசி போட ஆரம்பித்ததும் தம்பி தேறினான். பசி எடுத்தது, இரண்டு கிலோ ஏறினான், பாத்ரூம் ஓட்டம் குறைந்தது, வேலைக்கும் போனான். அம்மா மாங்காடு அம்மனுக்கு வேண்டுதலை நிறைவேற்றத் தேதி பார்க்க ஆரம்பித்துவிட்டாள். மூன்றாவது டோஸுக்கு முன்னால் டாக்டர் ஒரு அல்ட்ராசவுண்ட் எழுதிக் கொடுத்தார். சாதாரண வயிற்று ஸ்கேன் இல்லை, குடலுக்கென்றே பார்ப்பது, இன்னாரிடம்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு டாக்டரம்மா பெயரைச் சொன்னார். ஊசி தொடங்குமுன் எடுத்ததும் அவரிடம்தான். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு மாடியில் இருக்கிற சின்ன ஸ்கேன் சென்டர். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லப்படமாட்டாது என்ற பலகைக்குக் கீழே, வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவில் தம்பி ஒருத்தன்தான் ஆம்பளை. தலை நிமிரவே இல்லை.

உள்ளே ஏ.சி. குளிரில் ஜெல்லை வயிற்றில் தடவியதும் அவன் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. டாக்டரம்மா கருவியை வலது இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் வைத்து, மெதுவாக அழுத்தி, துடிக்கிற பெரிய ரத்தக்குழாயைக் கண்டுபிடித்து, அதற்கு மேலே நகர்ந்தார். "இதோ இருக்கு" என்று திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சுற்றிலும் இருந்த மற்ற குடல்கள் நெளிந்து கொண்டிருந்தன, இது மட்டும் அசையவே இல்லை. சுவரின் ஒரு விளிம்பில் ஒரு புள்ளி, இன்னொரு விளிம்பில் ஒரு புள்ளி. குறுக்காக இரண்டு இடத்தில் அளந்தார், கருவியைத் திருப்பி நீளவாக்கில் இரண்டு இடத்தில் அளந்தார், சராசரி எடுத்தார். 7.4 மில்லிமீட்டர். நல்ல குடல் சுவர் 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. ஊசி தொடங்குமுன் தம்பிக்கு 8.1 இருந்தது. அப்புறம் ஒரு பட்டனை அழுத்தியதும் சாம்பல் படத்தின் நடுவே சிவப்பும் நீலமுமாகப் பொறி பறந்தது. சுவருக்குள் ஓடுகிற ரத்தம். வீக்கம் இருக்கிற வரைக்கும் ரத்தம் அங்கே அதிகமாகத்தான் ஓடும். குடலைச் சுற்றியிருந்த கொழுப்பும் வெள்ளை வெளேரென்று தடித்துப் போயிருந்தது. போன தடவைப் படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எனக்கு இரண்டும் ஒரே படமாகத்தான் தெரிந்தது.

தம்பி படுத்தபடியே கணக்குப் போட்டுவிட்டான். "0.7 கொறஞ்சிருக்கு மேடம். எங்க கம்பெனியில 0.7ன்னா மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிடுவாங்க." அவர் சிரித்துவிட்டார். "இங்க 0.7ன்னா ஒண்ணுமே இல்லப்பா. நான் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சாலே அரை மில்லிமீட்டர் மாறும். கால் பங்காவது கொறையணும், இல்ல ரெண்டு மில்லிமீட்டராவது இறங்கணும். இல்லன்னா ஒரு மில்லிமீட்டர் இறங்கி, இந்தச் செவப்பு நீலமும் ஒரு படி கொறைஞ்சிருக்கணும். அப்பதான் மருந்து கேட்டுச்சுன்னு எழுதுவேன்." பிறகு தேடிப் பார்த்தேன். இந்தத் துறை டாக்டர்கள் பல நாடுகளிலிருந்து கூடிப் பேசி 2022-ல் வெளியிட்ட அளவுகோல் அதுதான். அதைப் பார்க்கச் சொல்லியிருப்பது பதினான்காவது வாரத்தையொட்டி. அதற்கு முன் பார்ப்பது ஒரு முன்னோட்டம்தான்.

ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. ஆள் நன்றாக இருக்கிறான், சாப்பிடுகிறான், இந்தம்மா என்ன இப்படிச் சொல்கிறார் என்று. "இவன் நல்லாத்தானே இருக்கான் மேடம்?" என்று கேட்டேன். அவர் கோப்பைப் புரட்டி, "வைசலோன் இன்னும் ஓடுதா?" என்று கேட்டார். ஓடிக்கொண்டிருந்தது. ஊசி பிடிக்கிற வரைக்கும் என்று கொடுத்த ஸ்டீராய்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டிருந்தோம். பசியும் தெம்பும் எந்த மருந்தால் வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? அவர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது எங்கள் டாக்டர்தான் என்று ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தார்.

படத்தை மட்டும் வைத்து மருந்தை நிறுத்தமாட்டேன் என்றார் டாக்டர். மூன்றாவது டோஸ் போட்டோம். ஆனால் வீட்டில் ஒரு காரியம் மாறியது. அடுத்த டோஸ்களுக்கென்று அம்மாவின் வளையலையும் எடுத்து வைத்திருந்தோம். அதை அடகுக்குக் கொண்டுபோகாமல் பீரோவிலேயே வைத்தேன். ஸ்டீராய்டு நின்றதும் வலி திரும்பியது. பதினான்காவது வாரத்தில் சுவர் 7.6. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தார்கள். போதுமான அளவு இருந்தது, மருந்தை எதிர்க்கிற ஆன்டிபாடியும் இல்லை. மருந்து போய்ச் சேர்ந்திருக்கிறது, ஆனால் இவன் உடம்பில் நடக்கிற சண்டை அந்த மருந்து தடுக்கிற வழியில் நடக்கவில்லை என்று அர்த்தம். டோஸைக் கூட்டிப் பயனில்லை, வேறு வகைக்குத்தான் மாற வேண்டும் என்றார்.

முன்கூட்டியே சொல்வது

இனி பெரியப்பா மகனின் கேள்விக்கு வருகிறேன். ஊசி போடுவதற்கு முன்பே சொல்ல முடியாதா? முயற்சி நடக்காமல் இல்லை. நான் படித்ததில் என்னை அசரவைத்தது ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து டாக்டர்கள் 2014-ல் செய்தது. போடப்போகிற மருந்திலேயே ஒளிர்கிற சாயத்தைக் கோத்து, கொலோனோஸ்கோபியின்போது அதைக் குடலின் உள்பக்கத்தில் தெளித்து, நுண்ணோக்கி வைத்த குழாயால் அங்கேயே பார்த்தார்கள். மருந்து ஒட்டிக்கொள்கிற செல்கள் நிறைய ஒளிர்ந்தால் இவருக்கு மருந்து கேட்கும், ஒன்றிரண்டுதான் ஒளிர்ந்தால் கேட்காது என்பது கணக்கு. நிறைய ஒளிர்ந்தவர்களில் 92 சதவீதம் பேருக்குப் பன்னிரண்டாவது வாரத்தில் கேட்டிருந்தது, குறைவாக ஒளிர்ந்தவர்களில் 15 சதவீதம்தான். பார்த்தவர்கள் மொத்தம் 25 பேர். படித்த ராத்திரி தூக்கமே வரவில்லை, தம்பிக்கு இதைச் செய்திருந்தால் என்று. காலையில் டாக்டரின் உதவியாளரிடம் கேட்டேன். இதெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்துச் சமாச்சாரம், ஆஸ்பத்திரி நடைமுறைக்கு வந்துவிட்டதாக நினைக்காதீர்கள் என்றார்.

பிரான்ஸில் வேறு மாதிரி பார்த்திருக்கிறார்கள். குடல் சுருங்கி அடைத்துக்கொண்ட 97 பேருக்கு, இன்ஃப்ளிக்ஸிமாப் வகையையே சேர்ந்த அடாலிமுமாப் ஊசி போட்டு, யார் அறுவை சிகிச்சை வரை போகாமல் தப்பிக்கிறார்கள் என்று எம்.ஆர்.ஐ. படத்திலேயே முன்கூட்டித் தேடிய ஆய்வு, 2018-ல் வந்தது. இருபத்து நான்காவது வாரத்தில் 64 சதவீதம் பேருக்குப் பலன். சுருக்கத்தின் நீளம் 12 சென்டிமீட்டருக்குள் இருப்பது, அதற்கு முன்னால் இருக்கிற குடல் ரொம்ப விரியாமல் இருப்பது, ஃபிஸ்டுலா என்கிற பக்கவழித் துளை விழாமல் இருப்பது எல்லாம் நல்ல அறிகுறி. இது ஒரு உருப்படியான கணிப்பு என்று எனக்குப் படுகிறது, ஏனென்றால் கேள்வி தெளிவாக இருக்கிறது. கத்தியா, ஊசியா? வீக்கத்தால் வந்த அடைப்பு என்றால் ஊசி இறக்கும், தழும்பாகி இறுகிவிட்டால் எந்த ஊசியும் இறக்காது. கஷ்டம் என்னவென்றால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

ஏ.ஐ. சமாச்சாரம் இதற்கு அடுத்த படி. நம் கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களை, படத்தின் ஒவ்வொரு புள்ளியின் சாயலையும், நூற்றுக்கணக்கான எண்களாகப் பிரித்து, எது மருந்து கேட்டவர்களிடம் இருக்கிறது என்று கணினியைத் தேடச் சொல்வது. முதுகெலும்பின் ஒரு குறிப்பிட்ட கணுவுக்கு நேரே தெரிகிற தசையும் கொழுப்பும்கூட அதில் சேரும். தசை கரைந்தவர்களுக்கும், வயிற்றுக் கொழுப்பு மிகுந்தவர்களுக்கும் இந்த ஊசிகள் சரியாக வேலை செய்வதில்லை என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, சில அப்படி இல்லை என்கின்றன. நான் வாசித்தவரை இந்தக் கணினிக் கணிப்புகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆஸ்பத்திரியின் பழைய படங்களை வைத்து உருவானவை. மெஷின் மாறினால், ஊர் மாறினால் அதே துல்லியம் நிற்குமா என்பது அடுத்த கேள்வி. டி.பி. மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிவிட்டு வருகிற நம் ஊர்க் குடல் அந்தப் படங்களில் எத்தனை இருக்கும்?

நான் ஒரு கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். சம்பளச் சீட்டு, பழைய கடன், ஜாமீன்தாரர் எல்லாம் பார்த்து ஆள் கட்டுவாரா மாட்டாரா என்று கணிப்பதுதான் பிழைப்பு. கோப்பைப் பார்த்துச் செய்கிற கணிப்புக்கு மதிப்பு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்தக் கோப்பையும்விட முதல் மூன்று தவணை எப்படி வருகிறது என்பது அதிகம் பேசும். அதைப் பார்த்த பிறகு யாரும் ஜாதகம் பார்ப்பதில்லை. தம்பி விஷயத்திலும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. எந்த ஊசி கேட்கும் என்று முன்னாலேயே நூற்றுக்கு எழுபது சரியாகச் சொல்கிற ஒரு மெஷின் வந்தாலும், மீதி முப்பதில் விழுகிறவன் வீட்டில் என்ன செய்வார்கள்? அவனுக்குத் தேவை, தவறான வழியில் போகிறோம் என்று இரண்டாவது மாதத்திலேயே சொல்கிற ஒருவர். மருந்துக்கு விலை இவ்வளவு இருக்கிற நாட்டில், எப்போது நிறுத்துவது என்று சீக்கிரம் தெரிவதுதான் பெரிய கணிப்பு.

அதற்குத் தேவைப்பட்டது ஒரு குப்பி ஜெல்லும், தெருவுக்குத் தெரு இருக்கிற ஒரு மெஷினும்தான். ஜெர்மனியில் க்ரோன்ஸ் நோயாளிகளை இப்படி அல்ட்ராசவுண்டால் தொடர்ந்து பார்த்த ஆய்வில், மூன்று மாதத்துக்குள்ளேயே சுவர் இறங்குவது தெரிந்தது. பெருங்குடல் புண் நோயில் இரண்டே வாரத்தில்கூட. கதிர்வீச்சு இல்லை, மேனிட்டால் இல்லை, செலவும் எம்.ஆர்.ஐ.யோடு ஒப்பிட்டால் சொற்பம். இல்லாதது அதைப் பார்க்கத் தெரிந்த கைதான். சென்னையில் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஸ்கேன் எடுக்க எத்தனை பேர் இருக்கிறார்கள், குடல் சுவரை அளக்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? அந்த டாக்டரம்மாவிடம் நேரம் வாங்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். 1934-லேயே பார்னார்டு கதிரியக்க நிலையத்தைத் திறந்த ஊர் இது. ஜி.ஹெச்.சிலும் ஸ்டான்லியிலும் படித்து வெளியே வருகிற பிள்ளைகளில் வருடத்துக்குப் பத்துப் பேருக்கு இதைப் பழக்கிவிட்டால் போதும், ஏ.ஐ. வரும்போது வரட்டும்.

இவ்வளவு அழுத்திச் சொன்னவளின் முடிவு ஏன் இன்னும் உட்காரவில்லை என்று கேட்டால், அதையும் சொல்லிவிடுகிறேன். தம்பி இப்போது உஸ்டெகினுமாப் என்ற வேறு வகை ஊசியில் இருக்கிறான். முதல் தடவை நரம்பு வழியாக, அதற்குப் பிறகு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை தோலுக்கடியில். ஆரம்பித்துச் சில வாரத்தில் அதே மாடி, அதே டாக்டரம்மா, அதே ஜெல். 6.9. போனதுக்கு இப்போது 0.7 குறைவு. கேட்காத மருந்தில் இறங்கிய அதே 0.7! என் கணக்குப்படி இந்த மருந்தும் தவறான வழி என்று சொல்ல வேண்டும். ஆனால் இந்தத் தடவை ஸ்டீராய்டு இல்லை, சுவருக்குள் சிவப்பு நீலம் பாதியாகக் குறைந்திருந்தது, குடலும் லேசாக நெளிந்தது. இந்த மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும், நாலாவது வாரத்திலிருந்து இறங்க ஆரம்பித்து ஏறக்குறைய ஒரு வருடம் வரைக்கும் இறங்கிக்கொண்டே போகும், அதுவும் பெருங்குடலைவிட இந்தச் சிறுகுடல் நுனி மெதுவாகத்தான் ஆறும் என்று டாக்டர் சொல்கிறார். அதற்கு ஆய்வும் இருக்கிறது, படித்துவிட்டேன். ஆக முதல் தவணைகள் பேசும் என்று நான் சொன்னதும், எந்தக் கடன் என்பதைப் பொறுத்து மாறுகிறது. ஒவ்வொரு மருந்துக்கும் எத்தனையாவது வாரத்தில் எவ்வளவு இறங்கினால் நம்பலாம் என்ற அட்டவணை ஒன்று கைக்கு வரும்வரை, அந்த அம்மாவின் கையும் எங்கள் டாக்டரின் அனுபவமும்தான்.

அடுத்த ஸ்கேன் வரும் வியாழக்கிழமை, காலை ஏழரைக்கு. வெறும் வயிற்றில் வரச்சொல்லியிருக்கிறார்கள். தம்பிக்குச் சுவரின் தடிமனைவிட அதுதான் கவலை. "மேனிட்டாலும் இல்ல, மயக்கமும் இல்ல, வெளியில இருந்து பாக்குறதுக்கு எதுக்கு அக்கா பட்டினி? ரெண்டு இட்லி சாப்ட்டா என்ன மறைச்சிடப் போகுது?" என்று நேற்று கேட்டான். டாக்டரம்மாவிடமே கேள் என்று சொல்லிவிட்டேன்.